ஒரே சூட்டில் வெந்த கிண்ணம்

மண்ணும் நெருப்பும் – 14

லூசி ரீ 1950களில் லண்டனில் வனைந்த கிண்ணங்களுள் ஒரு வகை, அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் பெரிதும் நாடியது. குறுகிய அடிவளையத்தின் மேல் நிற்கும் அக்கிண்ணத்தின் சுவர் ஒரே வீச்சில் மேலெழுந்து அகன்று, கூம்பு என்றோ அரைக்கோளம் என்றோ சொல்லிவிட முடியாத ஒரு வளைவில் விரிந்து, வாய்ப்பக்கம் வரவர மெலிந்துகொண்டே போய் விளிம்பில் கூர்மையாக முடிகிறது. வெளிப்புறம் வறுத்த காப்பிக்கொட்டையின் நிறம். அந்நிறத்தை ஊடறுத்து, விளிம்பிலிருந்து அடிநோக்கி ஊசியால் இழுக்கப்பட்ட மெல்லிய கோடுகள் நெருங்கி நெருங்கி இறங்குகின்றன. மேலே இடைவெளி விட்டு நிற்கும் கோடுகள், கிண்ணத்தின் சுற்றளவு குறையக் குறைய ஒன்றையொன்று நெருக்கி, அடிவளையத்தின் அருகே ஏறக்குறைய ஒரு நெசவாகவே மாறிவிடுகின்றன. உட்புறம் வெண்மை, அந்த வெண்மையின் விளிம்பில் மட்டும் பழுப்பு நிறம் சற்றே கசிந்து வழிந்திருக்கும்.

இக்கிண்ணத்தின் மெலிவையும் நிறத்தையும் கீறலையும் ஐரோப்பிய நவீனத்துவம் என்னும் கலைக்கொள்கையின் விளைவாக விளக்குவது கலை வரலாற்று நூல்களின் வழக்கம். அது பொய்யான விளக்கமன்று. ஆனால் பட்டறைக்குள் நுழையாத விளக்கம். ஒரு குதிரைக்கொட்டிலின் அளவு, நகரத்து மின்சாரம், போர்க்காலத்துப் பொத்தான் வணிகம், ஒரு முறைக்கு மேல் சூளையேற்றாத சிக்கனம் ஆகியவற்றின் வழியாகவும் இக்கிண்ணத்தை அணுக முடியும் என்பதும், அவ்வாறு அணுகும்போது அதன் அழகு குறைவதில்லை என்பதும் இப்பகுதியின் நிலைப்பாடு.

அதற்கு முன் சில சொற்களை விளக்கிக்கொள்வது நலம். சாதாரண மண்பாண்டம் ஏறத்தாழ 1000 முதல் 1100 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வேகிறது. வெந்தபின்னும் அதன் உடலில் நுண்துளைகள் எஞ்சுவதால் நீரை மெல்லக் கசியவிடுகிறது, கோடையில் பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். 1200 முதல் 1300 பாகைவரை தாங்கும் மண்ணைத் தேர்ந்து அந்த வெப்பத்தில் சுட்டால், மண்ணின் துகள்கள் பகுதி உருகி ஒன்றோடொன்று இறுகிக் கல்போல் ஆகின்றன; இதுவே ஸ்டோன்வேர், நம் வீடுகளின் ஊறுகாய் ஜாடி இவ்வினத்தைச் சேர்ந்தது. கலத்தின் மேற்பரப்பில் மணற்சத்தும் உருக்குப்பொருள்களும் கலந்து பூசப்பட்டு, சூளையில் உருகிக் கண்ணாடித் தோலாகப் படியும் பூச்சு கிளேஸ் எனப்படுகிறது. பெரும்பாலான பட்டறைகளில் கலம் இருமுறை சூளையேறுகிறது. பூச்சில்லாமல் ஏறத்தாழ 1000 பாகையில் சுடுவது முதற்சூடு, பிஸ்கட் சூடு என்பதும் இதுவே. அவ்வாறு வெந்து உறுதிப்பட்டு, நீரை உறிஞ்சும் நிலையில் இருக்கும் கலத்தைப் பூச்சுக் கரைசலில் முக்கியெடுத்து மீண்டும் சுடுவது இரண்டாம் சூடு. லூசி ரீ தம் தொழில்வாழ்வில் பெரும்பாலும் முதற்சூட்டையே தவிர்த்தவர் என்ற ஒற்றைச் செய்தியை இங்கே குறித்துக்கொண்டால், பின்னால் வரும் பலவும் விளங்கும்.

அவர் 1902ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வியன்னாவில், வசதியான யூதக் குடும்பமொன்றில் லூசி கோம்பெர்ஸ் என்னும் பெயருடன் பிறந்தார். தந்தை பெஞ்சமின் கோம்பெர்ஸ் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். சிக்மண்ட் ஃப்ராய்டுடன் பழக்கமுடையவர். தாயின் பிறந்தகம் ஐசன்ஸ்டாட் நகரில் மதுவணிகம் செய்த வுல்ஃப் குடும்பம். அக்குடும்பத்தைச் சேர்ந்த மாமா சாண்டோர் வுல்ஃப் தொல்பொருள் சேகரிப்பில் ஆழ்ந்தவர். அவருடைய சேகரிப்பே பிற்காலத்தில் பர்கன்லாண்ட் மாநில அருங்காட்சியகத்துக்கு அடித்தளமாயிற்று. மண்ணிலிருந்து தோண்டியெடுத்த ரோமானியக் கலங்களைச் சிறுமிப் பருவத்திலேயே கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு லூசிக்கு இவ்வாறு கிடைத்தது.

1922இல் வியன்னாக் கலைத்தொழில் பள்ளியில் சேர்ந்து மைக்கேல் பொவொல்னியிடம் குயவுக்கலை பயின்றார். அப்பள்ளி கட்டடக் கலைஞர் யோசெஃப் ஹோஃப்மன் முதலியோரின் செல்வாக்கில் இயங்கியது. கட்டடம், மேசை, கரண்டி, கோப்பை ஆகிய அனைத்தையும் ஒரே வடிவச் சிந்தனைக்குள் கொண்டுவரும் நோக்கம் அங்கே நிலவியது. ஆனால் லூசியின் பயிற்சியில் வரலாற்றுக்கு முக்கியமாகத் தோன்றுவது வடிவப் பாடத்தைவிட வேதியியல் பாடமே. எந்த ஆக்சைடு எந்த வெப்பத்தில் எந்த நிறத்தைத் தரும் என்பதைச் சோதித்து, எடைபோட்டு, குறிப்பேட்டில் பதியும் பழக்கம் அங்கே தொடங்கி இறுதிவரை நீடித்தது. இங்கிலாந்தின் குயவர்கள் பலர் மரச்சாம்பலையும் உள்ளூர்ப் பாறைத்தூளையும் கண்ணளவில் கலந்து பழகியிருந்த காலத்தில், தராசோடு வந்தவர் அவர்.

1926இல் ஹான்ஸ் ரீயை மணந்தார். அவர்களுடைய வியன்னாக் குடியிருப்புக்கு எர்ன்ஸ்ட் ப்ளிஷ்கே என்னும் இளம் கட்டடக் கலைஞர் அக்ரூட் மரத்தில் அறைகலன்களை வடிவமைத்துத் தந்தார்: அலங்காரமற்ற அடுக்குப் பலகைகள், தாழ்ந்த இருக்கைகள், நேர்கோடுகள். அந்த அறைகலன்கள் பின்னர் மேற்கொண்ட பயணத்தைக் கருதி அவற்றை இங்கே குறிப்பிட நேர்கிறது. 1930களில் லூசி ரீயின் கலங்கள் ஐரோப்பியக் கண்காட்சிகளில் இடம்பெறத் தொடங்கின. 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. 1938 இலையுதிர்காலத்தில் ரீ தம்பதியர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஹான்ஸ் அமெரிக்காவுக்குப் பயணத்தைத் தொடர, லூசி லண்டனிலேயே தங்கிவிட்டார். சிறிது காலத்தில் மணவாழ்வும் முறிந்தது.

1939இல் அவர் வாடகைக்கு எடுத்த இடம் ஹைட் பூங்காவுக்கு அருகே ஆல்பியன் மியூஸ் என்னும் சந்தில் 18ஆம் எண் கட்டடம். மியூஸ் என்பது பெரிய மனிதர்களின் மாளிகை வரிசைக்குப் பின்புறம், அவர்களுடைய குதிரைகளுக்கும் வண்டிகளுக்குமாகக் கட்டப்பட்ட கொட்டில் வரிசை. கீழே குதிரை, மேலே குதிரைக்காரரின் குடும்பம் என்பது அதன் அமைப்பு. மோட்டார் வண்டிகள் வந்தபின் இக்கொட்டில்கள் சிறு பட்டறைகளாகவும் வீடுகளாகவும் மாறின. கீழ்த்தளத்தில் பட்டறை, மேல்தளத்தில் வீடு என்று அமைத்துக்கொண்டு, 1995இல் இறக்கும்வரை ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக லூசி ரீ அங்கேயே வாழ்ந்தார். வியன்னாவிலிருந்து வந்துசேர்ந்த ப்ளிஷ்கேயின் அறைகலன்களை அந்தக் குறுகிய மேல்தளத்துக்குப் பொருந்துமாறு திருத்தியமைத்தவர் சிக்மண்ட் ஃப்ராய்டின் மகனும் கட்டடக் கலைஞருமான எர்ன்ஸ்ட் ஃப்ராய்ட். ப்ளிஷ்கே அதே ஆண்டில் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார்.

லண்டனில் அவரை அறிந்தவர் அதிகம் இல்லை. வியன்னாப் பதக்கக்காரரின் கலங்கள் இங்கிலாந்தின் ரசனைக்கு அந்நியமாக இருந்தன. காரணம், இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விரிவாகப் பேசப்பட்ட பெர்னார்ட் லீச். 1887இல் ஹாங்காங்கில் பிறந்து, ஜப்பானில் குயவுக்கலை கற்று, 1920இல் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாடாவுடன் கார்ன்வால் கடற்கரையின் செயின்ட் ஐவ்ஸில் பட்டறை நிறுவிய லீச், 1940இல் வெளியிட்ட ‘எ பாட்டர்ஸ் புக்’ என்னும் நூல் ஒரு தலைமுறைக் குயவர்களுக்கு வேதமாகவே இருந்தது. சீனத்துச் சோங் காலத்துக் கலங்களே அவருக்கு அளவுகோல். கலத்துக்கு எடை வேண்டும், கைத்தடம் தெரிய வேண்டும், மண்ணின் முரடு மறையக்கூடாது, சூளை எரிநெருப்பால் வேக வேண்டும் என்பவை அவருடைய கொள்கைகள். லூசி ரீயின் கலங்களைக் கண்ட லீச், அவை மிக மெல்லியவை எனவும், அவற்றின் அடிப்பகுதி வலுவற்றது எனவும் குறைகூறினார். புகலிடம் தேடி வந்த நாட்டின் முதற்பெரும் குயவர் சொன்னதை லூசி ரீ தட்டவில்லை. சில ஆண்டுகள் தடித்த சுவரும் கனத்த அடியுமாக, தமக்கு இயல்பல்லாத கலங்களை வனைந்து பார்த்தார். அக்காலத்துக் கலங்கள் அவருடைய படைப்புகளிலேயே உயிர்ப்புக் குறைந்தவை என்று மதிப்பிடுவதில் தவறில்லை. லீச்சின் நூலால் இங்கிலாந்தின் குயவுக்கலை பெற்றது மிகுதி; ஆனால் ஒரே அளவுகோலை எல்லார் கையிலும் கொடுக்கும் ஆசிரியரின் பிழையும் அவருடைய செல்வாக்கின் அளவுக்கே பெரிதாகிவிடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் உலகப் போர் அவரைப் பொத்தான்களின் பக்கம் திருப்பியது. ஃப்ரிட்ஸ் லாம்ப்பல் என்னும் மற்றோர் ஆஸ்திரிய அகதி லண்டனில் நடத்திவந்த பிமினி என்ற கண்ணாடிப் பட்டறைக்காகப் பொத்தான் செய்யத் தொடங்கியவர், பிறகு தம் சொந்தப் பட்டறையிலேயே மண்ணால் பொத்தான்களைச் செய்தார். போர்க்காலத்தில் உலோகம் முதலிய பொருள்கள் ஆயுதத் தொழிலுக்குத் திருப்பிவிடப்பட்ட நிலையில், உயர்தரத் தையலகங்களுக்கு மண்பொத்தான் கைகொடுத்தது. பிளாஸ்டர் அச்சில் அழுத்தி வடிவமெடுத்து, பூச்சுப் பூசி, சிறு மின்சூளையில் சுட்டெடுக்கும் இவ்வேலையில் போருக்குப் பின் பல அகதிகள் அவருடன் சேர்ந்து உழைத்தனர்.

பொத்தான் வேலையை வயிற்றுப்பாட்டுக்கான இடைக்காலத் தொழிலாகக் கருதிக் கடந்துபோவது எளிது. அந்த வேலை கிண்ணத்துக்குத் தந்ததை அப்போது காண இயலாது. தையலகங்கள் துணியின் மாதிரியை அனுப்பிவைத்து, அதே நிறத்தில் பொத்தான் வேண்டும் என்று கேட்டன. சாயமிட்ட பட்டின் நிறத்தைச் சூளையில் உருகும் கண்ணாடியில் வரவழைப்பது என்றால், ஒரு நிறத்துக்கு எத்தனையோ கலவைகளைச் சோதித்தாக வேண்டும். அதுவும் ஒரு குன்றிமணி அளவு பூச்சில், விரல்நுனி அளவு மண்ணில், செலவின்றிச் சோதிக்கும் வாய்ப்பு. பெரிய கலங்களை மட்டுமே வனைந்த எந்தக் குயவருக்கும் அத்தனை சோதனைகள் கட்டுப்படியாகியிருக்காது. 1950களுக்குப் பின் அவருடைய கிண்ணங்களில் தோன்றிய யுரேனிய மஞ்சளும் செம்பின் பச்சையும் இளஞ்சிவப்பும் வெண்கலப் பொன்மையும், நிறத்தைச் சிறு அளவில் சோதித்துப் பழகிய அந்தக் கையின் தொடர்ச்சியே. பொத்தானில் கற்றது கிண்ணத்துக்கு ஏறியது.

1946இல் பொத்தான் பட்டறையில் வேலைகேட்டு ஓர் இளைஞர் வந்தார். 1920இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸில் பிறந்த ஹான்ஸ் கோப்பர் யூதத் தந்தைக்குப் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்தவரை, ஜெர்மானியர் என்பதாலேயே 1940இல் பகைநாட்டவர் எனக் கைதுசெய்து கனடா முகாமுக்கு அனுப்பியது பிரிட்டன். பின்னர் ராணுவத்தின் உழைப்புப் பிரிவில் சேர ஒப்பியதால் திரும்பி வந்தார். மண்ணைத் தொட்டறியாதவர்; சிற்பியாக விரும்பியவர். வனைதலை விரைவில் கற்றுத் தேர்ந்த அவர், சில ஆண்டுகளிலேயே வேலையாள் என்ற நிலையிலிருந்து பட்டறையின் இணைப் படைப்பாளராக உயர்ந்தார். லீச்சைப் பின்பற்றும் முயற்சியை விட்டுவிட்டு, வியன்னாவில் தொடங்கிய தம் வழியிலேயே செல்லுமாறு லூசி ரீயைத் தூண்டியதில் கோப்பருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை லூசி ரீயே பிற்காலத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வயதில் பதினெட்டு ஆண்டுகள் இளையவரும், வேலையாளாக வந்தவருமான ஒருவரின் சொல்லால் மூத்தவர் தம் பழைய வழிக்கு மீண்டது குயவுக்கலை வரலாற்றில் அரிய நிகழ்வு.

1948இல் பட்டறைக்குப் புதிய மின்சூளை வந்தது. அதுவரை தாழ்ந்த வெப்பத்தில் மண்பாண்டம் மட்டும் சுட்டவர், இப்போது ஏறத்தாழ 1250 பாகைவரை சென்று ஸ்டோன்வேரும், அடுத்து பீங்கானும் செய்யத் தொடங்கினார். மேற்புறம் திறக்கும் சூளை அது. அடித்தட்டில் கலங்களை வைக்கவும் எடுக்கவும் உடலை வளைத்துத் தலைகீழாகக் குனிய வேண்டும். நெருப்புச் சூளையில் புகைக்கூண்டை அடைத்துக் காற்றைக் குறைக்கும்போது, எரியும் பொருள் தனக்குத் தேவையான ஆக்சிஜனைப் பூச்சிலுள்ள ஆக்சைடுகளிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. இரும்பு கலந்த பூச்சு பச்சை கலந்த சாம்பல்நிறமாகவும், செம்பு கலந்த பூச்சு சிவப்பாகவும் மாறும் சீன மரபின் வித்தை இதில்தான் அடங்கியிருக்கிறது. இதற்கு ஒடுக்கச் சூடு என்று பெயர். மின்சூளையிலோ எரிபொருளே இல்லை, காற்று குறைவதில்லை, லீச் போற்றிய நிறங்கள் அதில் எழுவதில்லை. ஹைட் பூங்காவின் ஓரத்தில், வீடுகளுக்கு நடுவே, புகை கக்கும் சூளையை நினைத்தும் பார்க்க முடியாது. ஆக, சோங் நிறங்களின் வாசல் லூசி ரீக்கு மூடியிருந்தது என்றே சொல்லலாம். மூடிய வாசலின் முன் நின்று வருந்தாமல், காற்று நிறைந்த சூட்டில் தம் குணத்தைக் காட்டும் மாங்கனீசு, செம்பு, வெள்ளீயம், யுரேனியம் ஆகியவற்றைக்கொண்டு வேறொரு நிறவுலகை அவர் அமைத்தார்.

இனி, ஒற்றைச் சூடு. பசுமண் கலத்தில் நீரூற்றி வைப்பதை ஆகாத காரியத்துக்கு உவமையாகச் சொல்லிப் பழகிய மொழி தமிழ். லூசி ரீ நாள்தோறும் செய்தது ஏறக்குறைய அக்காரியத்தையே. வனைந்து, அடிப்பகுதியைச் செதுக்கி, முற்றிலும் உலர்ந்த பச்சைக் கலத்தைத் திரிகையின் நடுவில் வைத்து, அதை மெல்லச் சுழற்றியபடியே, குழம்பாகக் கரைத்த பூச்சை அகன்ற தூரிகையால் தடிப்பாகப் பூசுவது அவர் வழக்கம். வெந்த கலம் நீரை உறிஞ்சினாலும் உருக்குலையாது. வேகாத கலம் அவ்வாறன்று: பூச்சின் நீர் உட்புகுந்ததும் சுவர் மீண்டும் களியாகத் தொடங்கும், மெல்லிய சுவராயின் துவளும், வீங்கும், விரியும். உட்புறம் பூசி, அது உலரக் காத்திருந்து, பிறகு வெளிப்புறம் பூசும் பொறுமையும், சுவர் எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதைத் தூரிகைநுனியில் உணரும் பழக்கமும் இல்லாதவருக்கு இம்முறை வாய்க்காது. பூச்சுக் கலவையும் இதற்கென்றே அமைய வேண்டும். உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்குகிறது; பூச்சும் உடன் சுருங்காவிட்டால் ஏடாக உரிந்து விழும். ஆதலால் பூச்சிலும் போதிய களிமண் சேர்க்கப்படுகிறது. வெப்பம் ஏறும்போது மண்ணின் இணைவு நீரும் பிற வாயுக்களும் வெளியேறுவதும் பூச்சின் வழியாகவே நிகழ்வதால், சூளையை மெதுவாக ஏற்ற வேண்டும்.

இத்தனை இடரையும் ஏற்றதற்குப் பயன் உண்டு. ஒருமுறை மட்டும் சூளையேறுவதால் மின்செலவும் நேரமும் மிஞ்சின. தனியொருவர் நடத்தும் சிறு பட்டறைக்கு அது பெரிய காரியம். அதைவிடப் பெரிது, மண்ணும் பூச்சும் ஒரே நேரத்தில் வெந்து ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி இணைந்துவிடுவது. முக்கியெடுத்த பூச்சு கலத்தின் மேல் போர்த்திய ஆடைபோல் தெரிவதும், லூசி ரீயின் பூச்சு கலத்தின் தோல்போலவே தெரிவதும் இந்த வேறுபாட்டால்தான். மண்ணிலிருந்து கிளம்பும் குமிழிகள் பூச்சில் விட்டுச்செல்லும் புள்ளிகளையும் குழிகளையும் வேறு குயவர்கள் குறையாகக் கருதி ஒதுக்கினர். லூசி ரீ அவற்றை வளர்த்தெடுத்தார். சிலிக்கன் கார்பைடு என்னும் பொருளைப் பூச்சின் கீழுள்ள களிமண் குழம்பில் கலந்தால், சூட்டில் அது வாயுவை வெளிவிட்டுப் பூச்சைப் பொங்கச் செய்யும். உறையும்போது நிலவின் முகம்போல் குழிவிழுந்த பரப்பு கிடைக்கும். எரிமலைப் பூச்சு என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் அப்பரப்பு, பிற்காலத்து அகன்ற கிண்ணங்களுக்குப் பெரும் புகழ் சேர்த்தது. மாங்கனீசும் செம்பும் மிகுந்த பூச்சு 1200 பாகையைத் தாண்டியபின் நன்கு இளகி ஓடும். விளிம்பில் பூசப்பட்ட அது வெண்பூச்சின் மேல் கசிந்து இறங்கி, பொன்னும் பழுப்புமாக உறைந்து நிற்கும். தொடக்கத்தில் வருணித்த கிண்ணத்தின் உள்விளிம்பில் தெரியும் கசிவு அதுவே. அதைத் தூரிகையால் வரைந்ததாகக் கருதுவோர் உண்டு. வரைந்தது பாதி, மீதியைச் சூளையின் வெப்பம் செய்தது.

கீறலுக்குத் தனி வரலாறு இருக்கிறது. 1940களின் இறுதியை ஒட்டி வில்ட்ஷயர் பகுதியின் ஏவ்பரி என்னும் ஊருக்கு லூசி ரீயும் கோப்பரும் சென்றனர். பெருங்கற்களை வட்டமாக நட்ட தொல்லிடம் அது. அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் வரலாற்றுக்கு முந்தைய மண்கலங்கள், கோடுகள் கீறப்பட்ட மேற்பரப்புடன் வைக்கப்பட்டிருந்தன. கோடு கிழிக்கப் பயன்பட்டவை எனக் கருதப்பட்ட பறவை எலும்புகளும் அருகில் இருந்தன. ஐசன்ஸ்டாட்டில் தோண்டியெடுத்த கலங்களுடன் வளர்ந்தவருக்கு இக்காட்சி புதியதன்று எனினும், கையிலிருந்த தொழில்நுட்பத்துக்கு அது சரியான தருணத்தில் வந்து பொருந்தியது. பூச்சோ நிறக்குழம்போ பூசிய பரப்பைக் கீறி, அடியிலுள்ள மண்ணின் நிறத்தை வெளிக்காட்டும் முறைக்கு இத்தாலிய மொழி வழியாக ஸ்கிராஃபிட்டோ என்று பெயர். பச்சைக் கலத்தின் மேல் பூச்சு உலர்ந்திருக்கும் நிலையில், எலும்பின் இடத்தில் எஃகு ஊசியைப் பிடித்து, விளிம்பிலிருந்து ஒரே மூச்சில் ஒவ்வொரு கோடாக அவர் இழுத்தார். அழித்துத் திருத்த வழியில்லை. ஊசி ஆழமாகப் பதிந்தால் காகித மெல்லிய சுவர் பிளக்கும். வேறு கிண்ணங்களில் இதன் மறுதலையையும் காணலாம்: வெண்பரப்பில் முதலில் கோடு கீறி, அக்கோட்டுக்குள் கரிய நிறத்தை நிரப்பித் துடைத்தெடுப்பது. இக்கோடுகள் அளவுகோல் வைத்து இழுத்தவை போல் முதலில் தோன்றினாலும், உற்றுநோக்கினால் ஒவ்வொன்றும் சற்றே நடுங்கியும் ஒன்றையொன்று ஒதுங்கியும் செல்வது புலப்படும். இந்தச் சிறு ஒழுங்கின்மையே கிண்ணத்தை இயந்திர வேலையிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

இக்கிண்ணங்கள் காட்சிமேடைக்காக மட்டும் பிறந்தவையல்ல. போர்க்காலத்தில் விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டின்படி, இங்கிலாந்தின் பீங்கான் ஆலைகள் வேலைப்பாடுள்ள கலங்களை ஏற்றுமதிக்கு மட்டுமே அனுப்பின. உள்நாட்டு வீடுகளுக்கு அலங்காரமற்ற கலங்களே கிடைத்தன. 1952இல்தான் அக்கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. வெறும் வெள்ளைத் தட்டில் பத்தாண்டுகள் உண்டு சலித்த நகரத்தார்க்கு, வெளியே பழுப்பும் உள்ளே வெண்மையுமான ரீயின் காப்பிக் கோப்பைகளும் பச்சைக்காய்க் கிண்ணங்களும் புதுமையாக இருந்தன. ஹீல்ஸ் போன்ற லண்டன் கடைகள் அவற்றை விற்றன. 1951இல் நடந்த பிரிட்டன் பெருவிழாவிலும் அவை இடம்பெற்றன. வீட்டுப் பயன்பாட்டுக் கலங்களைப் பெரும்பாலும் லூசி ரீயும் கோப்பரும் சேர்ந்தே செய்தனர். அத்தகைய கலங்களின் அடியில் எல், ஆர் எழுத்துகள் கொண்ட முத்திரையும், எச், சி எழுத்துகள் கொண்ட முத்திரையும் அருகருகே பதிந்திருக்கும். ஒருவர் வனைந்து மற்றவர் பூசியதா, இருவரும் கலந்து செய்ததா என்பதை முத்திரை பிரித்துச் சொல்வதில்லை. ஸ்டூடியோ பாட்டரி, அதாவது வடிவம் முதல் சூளைவரை ஒரே படைப்பாளர் செய்து தம் குறியிடும் குயவுக்கலை என்ற வரையறைக்கு, அவ்வியக்கத்தின் தலைசிறந்த பட்டறையே இப்படி விலக்காக இருந்தது.

லீச்சுடனான உறவு பகையாக முடியவில்லை. தம் கருத்தை அவர் காலப்போக்கில் மாற்றிக்கொண்டார். இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். 1935இல் கொரியாவில் லீச் வாங்கிவந்த, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பெரிய வெண்ணிறப் பீங்கான் ஜாடி ஒன்று, முழுநிலவை ஒத்த வடிவத்தால் நிலவு ஜாடி என்று பெயர் பெற்றது. போர்க்காலத்தில் லூசி ரீயிடம் வந்துசேர்ந்த அந்த ஜாடி அவர் இறக்கும்வரை ஆல்பியன் மியூஸிலேயே இருந்தது. மெலிவுக்காகக் குறைகூறப்பட்டவரின் அறையில், குறைகூறியவர் தாம் பெரிதும் மதித்த கலத்தை விட்டுவைத்திருந்தார் என்பது லீச்சைப் பற்றிய மதிப்பீட்டில் சேர்க்கப்பட வேண்டிய செய்தி.

கோப்பர் 1958ஐ ஒட்டி ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் டிக்ஸ்வெல்லில் தமக்கெனப் பட்டறை அமைத்துக்கொண்டு பிரிந்தார். அவருடைய கலங்களைப் பற்றி அடுத்த பகுதி விரிவாகப் பேசும். லூசி ரீ 1960 முதல் பத்தாண்டுக்கும் மேலாகக் கேம்பர்வெல் கலைப்பள்ளியில் கற்பித்தார். 1967இல் பிரிட்டிஷ் கலை மன்றம் அவருடைய படைப்புகளின் முழுநோக்குக் கண்காட்சியை நடத்தியது; 1991இல் ‘டேம்’ என்னும் உயர் விருது அளிக்கப்பட்டது. 1982இல் டேவிட் அட்டன்பரோ பிபிசிக்காக அவரைச் சந்தித்தபோது, சூளை திறப்பதும் கலங்கள் வெளிவருவதும் படமாக்கப்பட்டன. தம் கலையைச் சொல்லால் விளக்குவதில் அவருக்கு இருந்த தயக்கமும் அப்படத்தில் நன்கு பதிவாகியுள்ளது. ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1989இல் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் லூசி ரீயின் கலங்களுக்குக் கண்காட்சி நடத்தினார். அதன் அரங்கை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ. நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த மண்பொத்தான்களை மியாகே தம் ஆடைகளில் தைத்து மேடையேற்றியதும் அப்போதுதான்.

1990இல் ஏற்பட்ட பக்கவாதம் அவருடைய வனைதலை நிறுத்திவிட்டது. 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் லூசி ரீ ஆல்பியன் மியூஸில் காலமானார். நிலவு ஜாடி பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தை அடைந்தது. பூச்சுக் கலவைகள் எழுதிய குறிப்பேடுகள் ஃபார்ன்ஹமில் உள்ள கைவினை ஆய்வு மையத்தில் காக்கப்படுகின்றன. திரிகை உள்ளிட்ட பட்டறைப் பொருள்கள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் மட்கலக் கூடத்தில், கொட்டிலில் இருந்தவாறே மீண்டும் அமைத்து வைக்கப்பட்டுள்ளன. ப்ளிஷ்கே செய்த அக்ரூட் மர அடுக்குகளும் இருக்கைகளும் லண்டனில் தங்கவில்லை; அவை வியன்னாவுக்கே திரும்பி, அந்நகரின் அறைகலன் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.